லீவுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்: படைவீரரின் நினைவுக் குறிப்பைக் குடும்பமாகச் சேர்ந்து எழுதும் முறை

எங்கள் வீட்டுப் பரணில் கறுப்பு வண்ணம் பூசிய டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கிறது. மூடியின்மேல் வெள்ளை எழுத்தில் அப்பாவின் ஆர்மி நம்பரும் பெயரும் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள பதவியை மட்டும் ஒவ்வொரு பிரமோஷனுக்கும் அழித்து எழுதியிருப்பதால், வெயிலில் சாய்த்துப் பார்த்தால் சிப்பாய், நாயக், ஹவில்தார் ஆகிய மூன்று சொற்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். 1979இல் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து 1997இல் பென்ஷனில் வந்த அவருடைய வாழ்க்கையை எழுதி முடிக்க எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அவற்றில் முதல் எட்டு மாதங்கள் வீண். அந்த எட்டு மாதங்களை மற்ற ராணுவக் குடும்பங்கள் இழக்க வேண்டாம் என்பதற்காக, எங்களுக்குக் கைகொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன்.

வீணானதற்குக் காரணம் நான்தான். தடியான நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்து, "உங்க சர்வீஸ எழுதுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அவரும் ஒழுங்காக உட்கார்ந்து பதினான்கு பக்கம் எழுதினார். சேர்ந்த தேதி, நீலகிரி வெலிங்டனில் பயிற்சி முடித்த தேதி, பட்டாலியன் இடம் மாறிய ஊர்கள், கம்பெனி கமாண்டர்களின் பெயர்கள், வாங்கிய பதக்கங்கள் என்று அது மேலிடத்துக்கு அனுப்பும் ரிப்போர்ட் போலவே இருந்தது. பதினான்கு பக்கத்திலும் அவர் ஒரு முறைகூடப் பசித்ததாகவோ பயந்ததாகவோ எழுதவில்லை. வீடு என்ற சொல்லே அதில் இல்லை. அதை நான் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து அம்மா ஒரு திருத்தம் சொன்னார்: "எண்பத்தெட்டுல லீவுக்கு வந்தாராமா? அந்த வருஷம் அவர் வரவே இல்ல. மழையில கொல்லச் சுவர் விழுந்து, நான்தான் ஆள் வெச்சுக் கட்டுனேன்." பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தபோது அம்மா சொன்னதே சரியாக இருந்தது.

ஆகவே முதல் அறிவுரை இதுதான்: படைவீரரின் கையில் நோட்டைக் கொடுத்துத் தனியாக எழுத விடாதீர்கள். வீட்டில் இருந்தவர்களையும் அவரையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள்.

லீவுக் கணக்கு

பெரிய சார்ட் தாள் ஒன்றை எடுத்து நான்கு கட்டங்கள் போடுங்கள். லீவில் வந்த நாள், திரும்பிப் போன நாள், அந்த இடைவெளியில் வீட்டில் நடந்தவை, அதே இடைவெளியில் அவர் இருந்த இடம் ஆகியவை அந்த நான்கு கட்டங்கள். போர்களின் வரிசையில் எழுதத் தொடங்கினால் ஏற்கெனவே வரலாற்று நூல்களில் இருப்பதைத்தான் அவர் திரும்பச் சொல்வார். லீவுகளின் வரிசையில் கேட்டால் அவருக்கும் வீட்டுக்கும் மட்டுமே தெரிந்தவை வெளியே வரும்.

ஜவான்களுக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் கேசுவல் லீவும் உண்டு. 18 ஆண்டு சர்வீசில் அவற்றில் ஒரு நாளைக்கூட விடாமல் எடுத்திருந்தாலும் மொத்தம் 1,620 நாள்தான், அதாவது நான்கரை ஆண்டுக்கும் குறைவு. அதிலும் ஃபீல்டு ஏரியா என்னும் களப் பகுதியில் நிலைமை மோசமானால் லீவு நின்றுவிடும். திருமணத்துக்குப் பிந்தைய பதினான்கு ஆண்டுகளில் ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைத்து நாங்கள் எல்லோரும் சேர்ந்திருந்தது களப் பகுதி அல்லாத ஒரே ஒரு பீஸ் ஸ்டேஷனில், இரண்டரை ஆண்டு மட்டுமே. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் அதுவரை அதைக் கூட்டிப் பார்த்ததில்லை.

தேதி நினைவில்லை என்று இருவருமே சொல்வார்கள், அதற்காக விட்டுவிடாதீர்கள். காதுகுத்து, தங்கை கல்யாணம், மாடு கன்று போட்டது, கிணறு வற்றியது, தாத்தா இறந்தது என்று வீட்டுச் சம்பவங்களை முதலில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் "அப்போ அப்பா இருந்தாரா?" என்று கேட்டுக்கொண்டே போனால் மூன்று நாளில் தாள் நிறைந்துவிடும். பிறகு இரண்டு லீவுகளுக்கு இடைப்பட்ட காலம் ஒவ்வொன்றையும் ஓர் அத்தியாயமாக வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் இருப்பவை

டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணை, பதக்கங்கள், கடிதங்கள், குரூப் போட்டோக்கள் ஆகிய ஐந்தையும் முதலில் தேடி எடுங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் சேர்ந்த நாள், விடுபட்ட நாள், பதவி, பதக்கங்கள் ஆகியவை இருக்கும். பதக்கத்தின் விளிம்பைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் நம்பரும் பதவியும் பெயரும் பொறித்திருப்பதைக் காணலாம்; பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்த எழுத்தை அழித்துவிட்ட வீடுகளும் உண்டு, ஆகையால் இனித் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தப் பதக்கம் எதற்கு என்று தெரிந்துகொள்வது காலத்தைப் பொருத்திப் பார்க்க உதவும்: 1965 போருக்குச் சமர் சேவா ஸ்டார், 1971 போரில் கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டார், இலங்கை சென்றவர்களுக்கு விதேஷ் சேவா பதக்கம்.

ஆவணங்கள் தொலைந்திருந்தால் அந்தந்தப் பிரிவின் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக், ஈ.எம்.ஈ.க்குச் செகந்திராபாத். ஆர்மி நம்பர் இல்லாமல் எழுதினால் பதில் வருவது கடினம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. உடன் இருந்து இறந்துபோன வீரர்களின் பெயரைச் சரிபார்க்க, 2019இல் டெல்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் பெயர்ப் பட்டியல் உதவும். அதில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதித் தேடிப் பாருங்கள், ஏனெனில் நம் ஊர்ப் பெயர்கள் ஆள்சேர்ப்பு முகாமில் யார் காதில் எப்படி விழுந்தனவோ அப்படித்தான் பதிவாகியிருக்கின்றன.

இந்த வேலையில் எங்களுக்கு எதிர்பாராத ஒரு பயன் கிடைத்தது. அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும், வீரரின் குடும்ப விவரங்களை ராணுவம் பதிந்துவைக்கும் பார்ட் டூ ஆர்டரில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருப்பது ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது. குடும்ப ஓய்வூதியம் கேட்கும் காலத்தில் இந்த ஓர் எழுத்து வித்தியாசத்துக்காக நடையாய் நடக்கும் விதவைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். நூல் எழுதாதவர்களும் இதையாவது இன்றே பார்த்துவிடுவது நல்லது, அதுவும் அவர் உயிரோடு இருந்து கையெழுத்துப் போடக்கூடிய காலத்தில்.

கடிதங்களுக்குச் சற்று நேரம் ஒதுக்க வேண்டும். ஃபீல்டிலிருந்து வந்த கடிதத்தில் ஊர்ப்பெயர் இருக்காது. அனுப்புநர் முகவரியில் யூனிட்டின் பெயருக்குக் கீழே 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) என்று மட்டும் இருக்கும், வட்ட முத்திரையில் ஃபீல்டு போஸ்ட் ஆபீசின் எண்ணும் தேதியும் இருக்கும். கடிதத்துக்குள்ளே எழுதிய தேதியைவிட முத்திரைத் தேதியையே நம்புங்கள். நீல இன்லேண்டு தாள் மடிப்பில் கிழிந்திருந்தால் செலோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு, சாதாரணக் காகித உறையில் தேதி வரிசைப்படி போட்டுவைத்தால் போதும்.

எங்கள் பெட்டியில் இருந்த 63 கடிதங்களும் அப்பா எழுதியவை. அம்மா எழுதியது ஒன்றுகூட இல்லை. எல்லா ராணுவ வீடுகளிலும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், ஏனெனில் வீட்டுக்குப் பெட்டி உண்டு, முதுகில் பிட்டு என்ற ராணுவப் பையைச் சுமந்து அலைகிறவருக்குக் கடிதம் சேர்த்துவைக்க இடமில்லை. படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தது மழையிலும் வியர்வையிலும் போய்விடும். "நான் இங்கு நலம், அங்கு அனைவரின் நலம் அறிய ஆவல்" என்று அப்பா எழுதியது மட்டும் மிஞ்ச, அம்மா என்ன பதில் எழுதினார் என்பது எங்கும் இல்லை. அதனால் ஒவ்வொரு கடிதத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, "இதுக்கு என்ன பதில் போட்டீங்க, எதை எழுதாம விட்டீங்க?" என்று கேட்டோம். எழுதாமல் விட்டவற்றின் பட்டியல் நீண்டது. மாமனார் நிலத்தை அடமானம் வைத்தது, அக்காவுக்கு வலிப்பு வந்தது, மணி ஆர்டர் இரண்டு மாதம் தாமதமானதால் கம்மலை விற்றது. அங்கே கவலைப்படுவார் என்று இவரும், இங்கே கவலைப்படுவாள் என்று அவரும் மறைத்தவற்றை இருவரும் முதன்முதலாக ஒருவருக்கொருவர் கேட்டது எங்கள் ஹாலில், மொபைல் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

கேட்கும் முறை

ஒரு தடவைக்கு நாற்பது நிமிடம் போதும். காலையில் காபிக்குப் பிறகு நல்லது. இரவில் வேண்டாம், கிளறிவிட்ட நினைவோடு அவர் படுக்கப் போவார். வீடியோ எடுத்தால் முதுகை நிமிர்த்திக்கொண்டு மேடையில் பேசுவதுபோல் பேசுவார், ஆகவே குரல் பதிவு மட்டும் போதும்.

"போர் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "என்ன இருக்கு, டியூட்டி" என்பதோடு முடிந்துவிடும். "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்ற கேள்வியை வீட்டுப் பிள்ளைகள் யாரும் கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். சின்னக் கேள்விகள்தான் பெரிய பதில்களைக் கொண்டுவருகின்றன. "பூட்ஸைக் கடைசியா எப்போ கழட்டுனீங்க?" என்று நான் கேட்டதற்கு அப்பா பதினொரு நாள் கழற்றாமல் இருந்ததையும், கழற்றியபோது சாக்ஸோடு தோல் வந்ததையும், பக்கத்தில் இருந்த மலையாளி நண்பர் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டதையும் சொல்லி, அங்கிருந்து தானாகவே அந்த நண்பர் இறந்த நாளுக்குப் போனார். லங்கரில், அதாவது படையின் சமையற்கூடத்தில், என்ன சமைத்தார்கள், தண்ணீர் எங்கே பிடித்தீர்கள், பட்டியலில் லீவுக்குப் பெயர் வந்ததை யார் வந்து சொன்னார்கள் என்று கேளுங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். அடுத்த கேள்வியைப் போட்டு அந்த மௌனத்தை நிரப்பாதீர்கள்.

எழுத்தாக்கும்போது அவருடைய பேச்சை இலக்கணத் தமிழாக மாற்றிவிடாதீர்கள். பதினெட்டு ஆண்டு பட்டாலியனில் இருந்தவரின் வாயில் கானா (சாப்பாடு), மோர்ச்சா (காவல் குழி), சாப் (ஐயா), ஜல்தி (சீக்கிரம்) என்ற சொற்கள் ஊறிப்போயிருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் பேசுபவர் வேறொருவர் ஆகிவிடுகிறார். புரியாத சொல் முதன்முதலாக வரும் இடத்திலேயே ஒரு வரியில் பொருளைச் சொல்லிவிட்டால் போதும்.

இலங்கை அத்தியாயம்

ஒவ்வொரு படைவீரரின் வாழ்க்கையிலும் வீட்டில் பேசப்படாத பகுதி ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் அது 1987 அக்டோபர் முதல் 1989 வரை அப்பா இந்திய அமைதி காக்கும் படையில் இருந்த காலம். 1987 ஜூலை 29இல் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி அமைதி காக்கப் போன படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. 1990 மார்ச் 24இல் கடைசிப் பிரிவு திருகோணமலையை விட்டுக் கிளம்பும்வரை 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். நடுவில் அகப்பட்ட தமிழ் மக்களின் இழப்பு அங்குள்ள குடும்பங்களில் இன்றும் ஆறவில்லை. திரும்பிவந்த படையை வரவேற்கச் சென்னைத் துறைமுகத்துக்கு அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை. தமிழ்நாட்டு மனநிலையும் அன்று அதுவாகவே இருந்தது. ஊர் டீக்கடையில் அப்பாவைப் பார்த்து ஒருவர், "நம்ம ஜனத்தையே சுட்டுட்டு வந்திருக்க, இல்ல?" என்று கேட்டார். அக்காவைப் பள்ளிக்கூடத்திலும் கேட்டார்கள். வீட்டுக்குள் மட்டும் யாரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட அத்தியாயத்தை எழுதும்போது கண்டதையும் கேட்டதையும் கறாராகப் பிரித்து எழுதுங்கள். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்று யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அப்பா அன்று அங்கே இல்லை; வேறு இடத்தில் இருந்தார். இல்லாத இடத்தைப் பற்றிச் சாட்சியாக எழுத முடியாது, ஆனால் அதைச் சொல்லாமலே தீபாவளியைக் கடந்து போனால் அந்த அத்தியாயத்தை யாரும் நம்ப மாட்டார்கள். எனவே, அந்தச் செய்தியை அவர் எந்த மாதத்தில் கேள்விப்பட்டார், கேட்டவுடன் நம்ப மறுத்தது ஏன், பிறகு நம்பியது எப்படி என்பதை மட்டும் அவர் சொன்னபடியே எழுதினோம்.

அடுத்தது, வாதாடாதீர்கள். படை போனது சரியா தவறா என்று அப்பாவின் வாயால் தீர்ப்புச் சொல்லவைக்க எனக்கும் ஆசை இருந்தது. அப்படி எழுதிய ஆறு பக்கங்களையும் பின்னால் கிழித்துப் போட்டேன். அவர் ஒரு நாளில் என்ன செய்தார் என்பதை எழுதினால் போதும். தமிழ் தெரிந்தவர் என்பதால் அவரைச் சோதனைச் சாவடியில் மொழிபெயர்ப்புக்கு நிறுத்தினார்கள். சைக்கிளில் மகளுக்குச் சோறு கொண்டுபோன ஒரு அம்மா அவரைப் பார்த்து, "தம்பி, தமிழ் கதைக்கிற நீங்களே எங்களை மறிச்சு வைக்கிறியளோ?" என்று கேட்டிருக்கிறார். ஐந்து மாதம் பேசிய பிறகுதான் அப்பா இதைச் சொன்னார். முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் அந்த வாக்கியத்தை அவர் யாழ்ப்பாணப் பேச்சிலேயே சொன்னார். சாப்பாட்டுத் தூக்கின் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னது மேலதிகாரி, திறந்தது தன் கை என்றும் சொன்னார்.

அந்த அத்தியாயம் எங்களுக்கு விளக்கியது ஒரு சின்ன விஷயத்தை. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது, ஊர் எல்லையில் உள்ள மதகு வந்தால் அப்பா எங்களை டி.வி.எஸ். ஃபிஃப்டியிலிருந்து இறக்கிவிட்டு, முதலில் தான் மட்டும் ஓட்டிக் கடந்து, பிறகு எங்களை நடந்துவரச் சொல்வார். பிரேக் சரியில்லாத வண்டி என்று நாங்கள் நினைத்திருந்தோம். இலங்கைச் சாலைகளில் மதகுகளுக்கு அடியில்தான் கண்ணிவெடி வைப்பார்கள்.

இவற்றைப் பேசும் நாட்களில் அவர் தூக்கம் கெட்டாலோ, சாப்பாடு குறைந்தாலோ, குடி கூடினாலோ பதிவை நிறுத்திவிடுங்கள். நூலுக்கு அவசரம் இல்லை. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். எழுதிய பக்கத்தை வேண்டாம் என்று சொல்லும் உரிமை கடைசிவரை அவருக்கே உண்டு என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். அப்பா இரண்டு பக்கங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டோம்.

சட்டத்தில் கவனிக்க வேண்டியவை

1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் ஓய்வுபெற்றவரையும் கட்டுப்படுத்தும். சங்கேதக் குறிகள், இன்றைக்கும் பயன்பாட்டில் உள்ள நிலைகளின் அமைப்பு, ஆயுதங்களின் ரகசிய விவரங்கள் ஆகியவை ஒரு குடும்ப நூலுக்குத் தேவையே இல்லை என்பதால் விட்டுவிடுவதில் இழப்பு ஒன்றும் இல்லை. வீட்டில் இருப்பவர் ராணுவத்தில் இல்லாமல் பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப். போன்ற படைகளில் இருந்தவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள அமைப்புகளிலிருந்து ஓய்வுபெற்றோர், பணி தொடர்பானவற்றை அமைப்பின் தலைவருடைய முன் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2021இல் ஓய்வூதிய விதிகள் திருத்தப்பட்டுள்ளன. பணியில் இருப்பவர் எழுதுவதானால் அனுமதி இல்லாமல் தொடங்கவே வேண்டாம். இவை தவிர, இறந்துபோன சக வீரரைப் பற்றி எழுதும் பக்கத்தை அச்சுக்கு முன் அவருடைய வீட்டாரிடம் காட்டிவிடுங்கள். இதைச் சட்டம் கேட்கவில்லை, ஆனால் மகன் எப்படி இறந்தான் என்பதை ஒரு தாய் கடையில் வாங்கிய நூலில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

அச்சு

விற்பனைக்கு என்றால் நூலுக்கான அடையாள எண்ணாகிய ஐ.எஸ்.பி.என். வேண்டும், ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டத்தின்படி வெளியிடுபவர் படிகள் அனுப்ப வேண்டிய நூலகங்களில் எழும்பூர் கன்னிமாரா நூலகமும் ஒன்று.

இதற்கெல்லாம் முன்னால், ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு முப்பது படிகள் மட்டும் சாதாரண ஜெராக்ஸ் தாளில் எடுத்துப் பைண்டு செய்யுங்கள். உறவினருக்கும் பழைய பட்டாலியன் நண்பர்களுக்கும் ஆளுக்கொரு பென்சிலோடு கொடுத்து, தவறு என்று தோன்றுவதையும் விட்டுப்போனதையும் பக்க ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள், இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வாங்குங்கள். எங்களுக்கு இருபத்திரண்டு படிகள் திரும்பின. ஒரு நண்பர் குரூப் போட்டோவில் நாங்கள் தெரியாது என்று போட்டிருந்த நான்கு பேருக்கும் பெயர் எழுதியிருந்தார்; இன்னொருவர் அப்பா சொன்ன ஒரு தேதியை ஐந்து நாள் முன்னால் நகர்த்தியிருந்தார். அம்மாவின் படியில் முதல் நாற்பது பக்கம் ஒன்றும் இல்லை. நாற்பத்தோராம் பக்கத்தில், 1989 லீவைப் பற்றி, "காலை ஒன்பது மணிக்குக் காட்பாடியில் இறங்கி வீடு வந்து சேர்ந்தேன், அனைவரும் நலமாக இருந்தனர்" என்று அப்பா சொல்லும் வரிக்குப் பக்கத்தில் அம்மா எழுதியிருந்தார்: "பெரியவளுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. இவர் பார்க்கவில்லை."